மூன்றாம் பீப்பாயில் வெள்ளை வேர்

செப்டம்பர் 2, செவ்வாய்

நடந்தது அத்தனையும் நான் முன்னமே சொன்னதுதான். விமானம் பிந்தும் என்றேன், பிந்தியது. பெட்டியில் வைத்த எலுமிச்சை ஊறுகாய் ஒழுகும் என்றேன், ஒழுகியது. கோமு மெலிந்திருப்பாள் என்றேன், மெலிந்துதான் இருக்கிறாள். அவள் வேலை பார்ப்பது மருந்துக் கம்பெனி இல்லை, சாராயம் காய்ச்சும் இடம் என்பதையும் தென்காசியில் என் கடையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னேன் என்பது ஞாபகம் இல்லை. சொன்னேன்.

கோமு என் அக்கா மகள். வயது இருபத்தெட்டு. உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, "மூலிகைத் தொழிற்சாலையில் வேலை" என்று தாயிடம் சொல்லி ஆஸ்திரியா நாட்டு மலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. "ஏல ஆவுடை, அவ என்னதான் வேல பாக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு வா" என்று அக்கா சொன்னாள். ஒரு எட்டு என்பது ஐயாயிரம் மைல். சீட்டு கோமு எடுத்து அனுப்பினாள்.

பெரிய மனிதர்கள் நாட்குறிப்பு எழுதுவார்கள் என்பதால் நானும் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எட்டாவதையே மூன்று வருஷம் படித்ததால் கூட்டிப் பார்த்தால் பத்தாவது. அதற்கு மேல் முப்பத்தொரு வருஷம் நாட்டு மருந்துக் கடை. அது டாக்டர் படிப்புக்கும் மேலே.

இந்த இடம் பதினையாயிரம் அடி உயரம். கோமு ஐயாயிரத்து ஐந்நூறு என்கிறாள். அவள் பலகையில் படித்ததைச் சொல்கிறாள். மூச்சு வாங்கியது எனக்கு.

செப்டம்பர் 4, வியாழன்

ஆலையைச் சுற்றிப் பார்த்தேன். ஆலை என்றால் ஒரு பெரிய மரவீடு, அவ்வளவுதான். பக்கத்தில் ஓடை. உள்ளே கல் அடுப்பின்மேல் செப்புக் கொப்பரை, அதன் தலையில் யானைத் துதிக்கைபோல் வளைந்த குழாய். மலையில் ஒரு கசப்பு வேர் விளைகிறது. அதைத் தோண்டி, கழுவி, நறுக்கி, மரப் பீப்பாயில் தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்த்து ஊறல் போடுகிறார்கள். மூன்று நான்கு வாரத்தில் புளித்து அடங்கும். பிறகு விறகில் காய்ச்சி ஆவியைக் குளிர வைத்து இறக்குகிறார்கள். முதலில் வருவதைக் குடிக்காமல் ஊற்றிவிட வேண்டும், கண் போய்விடும் என்றாள் கோமு. எங்கே நிறுத்தி எங்கே பிடிப்பது என்பதை மூக்குதான் சொல்லுமாம். கோமு குழாய் முனையில் மூக்கை நீட்டி நிற்பாளாம்.

நூறு கிலோ வேருக்கு ஆறு லிட்டர்தான் கிடைக்கும். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். நிலவேம்பையும் மண்ணையும் சேர்த்துத் தீ வைத்த மாதிரி இருந்தது. இதைச் சாப்பாட்டுக்குப் பின் செரிமானத்துக்குக் காசு கொடுத்துக் குடிக்கிறார்கள்.

முதலாளி ஹெட்விக் என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும், கை ஒவ்வொன்றும் அம்மிக் குழவி. அவருக்குத் தமிழ் வராது, எனக்கு அவர் பாஷை வராது. கோமு நடுவில் நின்றாள். நான் பத்து வாக்கியம் சொன்னால் அவள் ஒன்று சொல்கிறாள்.

"முழுசாச் சொல்லுட்டி."

"சொல்லியாச்சு மாமா. கடை வச்சிருக்காகன்னு சொன்னேன்."

"குற்றாலத்துக்கு வாற வைத்தியமாருக்கெல்லாம் நாந்தான் கை காட்டுவேன்னு சொன்னியா?"

"அதுக்கு இங்க வார்த்தை இல்ல மாமா."

ஆனால் ஒரு கதையைக் கோமு தானாகவே ஹெட்விக்கிடம் சொன்னாள். வேலை கேட்டு வந்த அன்றும் இதைத்தான் சொன்னாளாம். அவளுக்கு ஐந்து வயது. என் கடையில் ஒரு நாள் நான் அவள் கண்ணைத் துண்டால் கட்டி, நாற்பது டப்பாவைத் திறந்து வைத்து, "வசம்பை எடு தாயி" என்றேன். மோந்து மோந்து போனாள். ஒரே தடவையில் வசம்பை எடுத்தாள். கடையில் நின்றவர்கள் அசந்துவிட்டார்கள். இந்தக் கதையை நான் ஊரில் இருநூறு முறையாவது சொல்லியிருப்பேன். "அன்னைக்குத்தான் மாமா எனக்கு மூக்கு இருக்குன்னே தெரிஞ்சுது" என்றாள். ஹெட்விக் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மரியாதையான தலையாட்டல்.

பீப்பாய்கள் நான்கு. மூன்றாவதின்மேல் சாக்கட்டியில் "கோமதி" என்று தமிழில் எழுதியிருந்தது. இந்த வருஷம் அந்தப் பீப்பாய் அவள் பொறுப்பு. வேர் சேர்ப்பதிலிருந்து வடிப்பது வரை அவளே செய்ய வேண்டும். சரியாக வந்தால் நவம்பரிலிருந்து காய்ச்சுபவராக நிரந்தர வேலை, அதை வைத்து அவளுக்கு இங்கே இருக்க ஐந்து வருஷத்துக்கு அனுமதி. வராவிட்டால் டிசம்பரோடு காகிதம் முடிகிறது.

"வரும்" என்றேன். எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

செப்டம்பர் 6, சனி

அக்கா போன். "என்னல, மருந்துக் கம்பெனிதானா?"

"மருந்துதான்க்கா. கொஞ்சமாக் குடிக்கணும், அவ்வளவுதான்."

"ரொம்பக் குடிச்சா?"

"எந்த மருந்தும் அப்படித்தான்."

பொய் இல்லை.

செப்டம்பர் 10, புதன்

ஹெட்விக்கின் மகளுக்குப் பிரசவம். எட்டு நாளைக்கு அடிவாரத்துக்குப் போகிறார். போகும் முன் என்னைச் சரிவுக்குக் கூட்டிப்போய் இரண்டு செடியைக் காட்டினார். ஒன்றில் இலைகள் ஜோடி ஜோடியாக எதிரும் புதிருமாக இருந்தன. அது கசப்பு வேர், தோண்டலாம். இன்னொன்றில் இலைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மாறி மாறிப் படியேறின. அது விஷம். கள்ள வேர் என்று கோமு தமிழில் பேர் வைத்திருக்கிறாள். இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி.

"இலைய பாக்காம எதையும் தோண்டக் கூடாதுங்காக மாமா. இலை காஞ்சிருந்தா விட்டுரணுமாம்."

"எனக்கே பாடமா?"

"எனக்கும் சேத்துத்தான் சொல்லுதாக."

ஹெட்விக்கின் கணவர் உயிரோடு இருந்தபோது ஒரே நாளில் அறுபது கிலோ தோண்டினாராம். இன்று வரை யாரும் அதைத் தாண்டவில்லை. கேட்டு வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

எழுபது கிலோ. கோமு தராசில் அறுபத்து மூன்று காட்டியது, அது மலைத் தராசு.

கோமு மேல் சரிவில் தோண்டினாள். அங்கே ஒவ்வொரு வேருக்கும் அரை மணி நேரம். குழியைத் திரும்ப மூடிப் புல் பத்தையையும் வைக்க வேண்டும். நான் ஓடைப் பக்கம் இறங்கினேன். ஈர மண்ணில் ஒரு கூட்டமே நின்றது, மாடு மிதித்துத் தண்டெல்லாம் சாய்ந்து கிடந்தன. மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மத்தியானத்துக்குள் இரண்டு மூட்டை.

உட்கார்ந்து சுத்தம் செய்தேன். தண்டு, வாடிய இலை, நூல் நூலாகத் தொங்கும் சல்லி வேர் எல்லாவற்றையும் கத்தியால் வழித்துவிட்டு, மொழுக்கென்று துண்டு போட்டு மூட்டை கட்டினேன். என் கடைச் சரக்கில் ஒரு சல்லி பார்க்க முடியாது, அதற்காகவே செங்கோட்டையிலிருந்து ஆள் வரும். இங்கே கோமு வேரை இலைத் தண்டோடு மூட்டையில் போடுகிறாள். வேலை தெரியாத பிள்ளை.

மலைக் காற்று பிடித்துவிட்டது. மத்தியானம் முழுக்கத் தும்மல். நூற்று இருபது வரை எண்ணினேன்.

"மாமா, ஒங்க தும்மல் எனக்கு மேல கேக்கு" என்று சரிவிலிருந்து கத்தினாள் கோமு. "மாடு மெரளுது."

செப்டம்பர் 13, சனி

கழுவி நறுக்கினோம். கழுவும்போது கோமு என் மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து உடைத்தாள். உள்ளே வெள்ளை. அவளுடையதெல்லாம் மஞ்சள். மோந்து பார்த்தாள். திரும்பவும் மோந்தாள்.

"மாமா, இது வேற மாதிரி மணக்கு."

"இளசுட்டி."

"வெள்ளையா இருக்கே."

"இளவேர் வெள்ளையாத்தான் இருக்கும். முத்த முத்தத்தான் மஞ்சள் ஏறும். மஞ்சக் கிழங்கு பாத்ததில்லையா? குற்றாலத்துச் சங்கிலி வைத்தியர் எனக்குச் சொன்னது இது. இளவேர்ல கசப்பு மட்டு, குணம் ஜாஸ்தி."

"இலை பாத்தியல்லா?"

"ஒவ்வொண்ணும் பாத்தேன். கைகூப்புன மாதிரி எதிரும் புதிருமா."

அவள் அந்தத் துண்டைக் கீழே வைத்தாள். பிறகு தன் நோட்டில் "இளவேர்: வெள்ளை. மணம் வேறு. மாமா சொன்னது" என்று எழுதிக்கொண்டாள். என் பேச்சை நோட்டில் எழுதுகிற ஆள் குடும்பத்தில் இவள் ஒருத்திதான்.

நான் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தேன். கசப்பு மட்டுதான். இளசேதான்.

எல்லாம் மூன்றாம் பீப்பாய்க்குப் போயிற்று.

இரவு. வாந்தி, நாலு முறை. நாக்கு மரத்துப்போனது. இவர்கள் பாலாடைக்கட்டி எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அன்றைக்கே சொன்னேன்.

செப்டம்பர் 15, திங்கள்

படுக்கை. கோமு கஞ்சி வைத்துத் தந்தாள். ஊறுகாய் இல்லாத கஞ்சி.

செப்டம்பர் 19, வெள்ளி

ஹெட்விக் திரும்பிவிட்டார். பேத்தி பிறந்திருக்கிறாள். பெண் பிள்ளைதான் என்று நான் சொன்னேன், கோமு மொழிபெயர்க்க மறந்துவிட்டாள்.

ஹெட்விக் மற்றப் பீப்பாய்களின் மூடியைத் திறந்து பார்த்தார். மூன்றாவதை மட்டும் தொடவில்லை. அடுத்தவர் பேர் எழுதிய பீப்பாயை அவர் திறப்பதில்லையாம், முதலாளியே ஆனாலும். நல்ல பழக்கம். எடை நோட்டில் அறுபத்து மூன்றைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். தோள் இன்னும் வலிக்கிறது.

செப்டம்பர் 27, சனி

ஊறல் பொங்குகிறது. காதை வைத்தால் மழை பெய்கிற சத்தம். நம் ஊரில் மலையில் ஊறல் போட்டால் போலீஸ் வந்து கொட்டும், பேப்பரில் படம் வரும். இங்கே அரசாங்கமே வந்து முத்திரை போட்டுவிட்டுப் போகிறது.

கோமு மூன்றாம் பீப்பாயைத் தினம் மூன்று முறை மோந்து பார்க்கிறாள். முகம் சரியில்லை.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. இளவேர் வாசம் போவ மாட்டேங்கு."

"போவும்."

அக்டோபர் 4, சனி

ஹெட்விக் என்னைப் பேத்தி பார்க்க அடிவாரத்துக்குக் கூட்டிப்போனார். குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க நினைத்தேன், விடவில்லை.

பக்கத்தில் ஒரு மருந்துக் கடை. ஒரே தொழில்காரன் என்பதால் வெளியே நின்று பார்த்தேன். கண்ணாடிக்குள் பழைய படம் ஒன்று மாட்டியிருந்தது. இரண்டு செடி. இடது பக்கம் ஜோடி இலை, கீழே வேர் குறுக்கே வெட்டினபடி, உள்ளே மஞ்சள். வலது பக்கம் மாறி மாறி ஏறும் இலை, குட்டைக் கிழங்கு, சுற்றிலும் சல்லி சல்லியாக வேர். வெட்டின இடம் வெள்ளை. அதன் பக்கத்தில் மண்டையோடு. அதற்குக் கீழே தொப்பி வைத்த ஒருவன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக் குனிந்து தும்மிக்கொண்டிருக்கிறான்.

படம் பழசு. அந்தக் காலத்தில் எத்தனையோ தப்பாக வரைவார்கள்.

அக்டோபர் 5, ஞாயிறு

மழை.

அக்டோபர் 6, திங்கள்

விறகு பிளந்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

கோமுவிடம் மூன்றாம் பீப்பாயை இந்த வருஷம் விட்டுவிடு என்றேன்.

"ஏன் மாமா?"

"கன்னி மூலையில இருக்கு. ஆவாது."

"ஹெட்விக் வீட்டுக்காரர் முப்பது வருசம் அதே மூலையிலதான் போட்டாராம்."

"அவரு இப்ப எங்க?"

சிரித்தாள். நான் சிரிக்கச் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை அடுப்பு மூட்டுகிறார்களாம். முதலில் மூன்றாம் பீப்பாய்.

அக்டோபர் 8, புதன்

எழுத ஒன்றும் இல்லை. ஹெட்விக் ஒரு மரக் கரண்டியைத் துடைத்து வைத்தார். எதற்கு என்று கேட்டேன். இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டாம். பீப்பாயில் பேர் எழுதியவர், அடுப்பு மூட்டும் முன் அந்த ஊறலில் ஒரு கரண்டி எல்லார் முன்னாலும் குடிக்க வேண்டும். "நான் போட்டதை நான் குடிச்சுட்டுத்தான் அடுத்தவனுக்குக் குடுக்கேன்னு அர்த்தம் மாமா" என்றாள் கோமு.

ஒரு முழுக் கரண்டி.

அக்டோபர் 9, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை எட்டு மணி. ஹெட்விக் புது ஏப்ரன் கட்டியிருந்தார். கோமு தலை குளித்திருந்தாள். மூடியைத் திறந்து, கரண்டியை விட்டு மொண்டாள். நான் குறுக்கே போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"எங்க முறைப்படி மொதக் கரண்டி தாய்மாமனுக்கு" என்றேன். "காது குத்துனப்ப எம்மடியிலதான் ஒன்ன வச்சுக் குத்தினது. சொல்லு அவுககிட்ட."

கோமு சொன்னாள். ஹெட்விக்குக்கு அது பிடித்துப்போயிற்று. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கரண்டி என் கைக்கு வந்தது. ஒரு கரண்டி எனக்கு என்ன செய்யும், இன்னொரு நாலு வாந்தி, அதற்குள் இது கெட்டுப்போனது என்று தெரிந்துவிடும், யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். இதுதான் என் திட்டம். நல்ல திட்டம்.

"குடிங்க மாமா" என்றாள் கோமு. இன்னொரு கரண்டியை எடுத்து மொண்டு தயாராக வைத்திருந்தாள். "ஒங்க கூடயே நானும் குடிச்சிருதேன். எம்பேருல்லா இருக்கு."

நான் என் கரண்டியைத் தரையில் கவிழ்த்தேன். பிறகு அவளுடையதையும் வாங்கிக் கவிழ்த்தேன்.

"இளவேர் வெள்ளையா இருக்காதுட்டி."

"என்ன மாமா?"

"சங்கிலி வைத்தியர் அப்படி ஒண்ணும் சொல்லல. நாஞ்சொன்னது. ஓடைப் பக்கம் நான் இலை பாக்கல. மாடு மிதிச்சுக் கெடந்துச்சு, அறுவதத் தாண்டணும்னு வெட்டிட்டேன். அன்னைக்குத் தும்முனேம்லா, அது காத்து இல்ல. அந்த வேரு. ஒம்மூக்கு சொன்னதுதாம்ட்டி சரி."

கோமு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்விக் என்ன என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். கோமு சொன்னாள். இந்தத் தடவை நான் சொன்ன அத்தனை வாக்கியத்தையும் சொன்னாள் என்று நினைக்கிறேன், அவ்வளவு நேரம் ஆயிற்று.

ஹெட்விக் கையுறை மாட்டி முழங்கை வரை பீப்பாய்க்குள் விட்டுத் துண்டுகளை எடுத்துப் பலகையில் வரிசையாக வைத்தார். மஞ்சள், மஞ்சள், மஞ்சள், வெள்ளை. மஞ்சள், வெள்ளை. நிறுத்திவிட்டார்.

பிறகு அவர்கள் பேசியது எனக்கு அப்போது புரியவில்லை. சாயங்காலம் கோமுவிடம் கேட்டு எழுதுகிறேன்.

"மோந்து பாத்தியா?" என்று கேட்டாராம்.

"பாத்தேன்."

"என்ன தோணுச்சு?"

"வேறன்னு தோணுச்சு."

"பிறகு ஏன் போட்ட?"

கோமு வாளியை எடுக்கக் குனிந்தாள். மாமா சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். நான் அங்கேதான் நின்றேன், கையைக் காட்டியிருந்தால் போதும்.

அறுநூறு லிட்டர். ஓடையில் விடக் கூடாது, மாடு குடிக்கும். வாளியால் மொண்டு டிரம்மில் ஊற்றி, அடிவாரத்துக்குக் கழிவு வண்டியில் அனுப்பினோம். அத்தனை வாளியையும் நான்தான் தூக்கினேன். கோமு ஈரத்துணியால் தன் பேரை அழித்தாள். ஹெட்விக் அழிக்கச் சொல்லவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

கோமு கஞ்சியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். எனக்கு இடுப்பு நிமிரவில்லை.

அக்டோபர் 11, சனி

ஹெட்விக் முடிவு சொன்னார். காகிதம் இன்னும் ஒரு வருஷத்துக்கு எழுதித் தருவார். காய்ச்சுபவராக இல்லை, வேர் கழுவும் வேலைக்கு. அடுத்த வருஷம் பீப்பாய் உண்டா என்பதை அடுத்த வருஷம் பார்க்கலாம். மத்தியானச் சாப்பாட்டில் என் தட்டில் ரொட்டி வைத்தார், கரண்டி வைக்கவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கோமு நோட்டைத் திறந்து "இளவேர்: வெள்ளை" என்ற வரியை அடித்தாள். "மாமா சொன்னது" என்பதையும் அடித்தாள். "மணம் வேறு" என்பதை விட்டுவிட்டாள். நோட்டை மூடாமலேயே கேட்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கேன். நெசத்தச் சொல்லணும்."

"கேளு."

"அந்த வசம்பு. அஞ்சு வயசுல நான் எடுத்தது. அது நெசமா?"

"அத இருநூறு தடவ சொல்லியிருக்கேனட்டி."

"அதனாலதான் கேக்கேன்."

அடுப்பில் இரண்டாம் பீப்பாய் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்விக் குழாய் முனையில் நின்று, கோமுவைத் திரும்பிப் பார்த்து மூக்கைத் தொட்டுக் காட்டினார், வா என்று. வேர் கழுவுகிறவளை எதற்குக் கூப்பிட வேண்டும். கோமு எழுந்திருக்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசம்" என்றேன். "எங்கம்மா சத்தியமா நெசம்."

எழுந்து போனாள். குனிந்து மோந்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்து, மறுபடி மோந்து, கையை உயர்த்தினாள். ஹெட்விக் உடனே பாத்திரத்தை மாற்றினார். அவரே மோந்து பார்க்கவில்லை.

கண்ணைக் கட்டினது உண்மை. நாற்பது டப்பா உண்மை, குறைந்தது முப்பது இருக்கும். கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். என் மருமகள் வசம்பை எடுப்பாள் பாருங்கள் என்று நான் முன்னமே அவர்களிடம் சொல்லிவைத்திருந்தேன். பிள்ளை எடுத்து நீட்டியது அதிமதுரம். டப்பாவை வாங்கி மூடி போட்டுக்கொண்டே "வசம்பு" என்றது நான்.